விதை அறைச் சாவி

"சாவியக் குடும்மா. ஊரே விதைக்க இறங்கிடுச்சு. நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"தர முடியாது மாமா," என்றாள் மருமகள், அடுப்பிலிருந்து திரும்பாமலே. விதை அறைச் சாவி அவள் இடுப்பில் பத்திரமாகச் செருகியிருந்தது.

முந்தின நாள் மாலை பருவத்தின் முதல் மழை கொட்டியிருந்தது. மண் வாசனை சமையலறை வரை வந்திருந்தது. பெரியவருக்கு அந்த வாசனை பட்டால் போதும், கால் தரையில் பாவாது. முதல் மழைக்கு மறுநாளே முதல் ஆளாக விதைப்பவர் என்பதால் ஊரில் அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். முப்பது வருடமாக அந்தப் பெயரை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"மூணு வருஷமா நடக்கறதப் பாத்தீங்கல்ல? முதல் மழை ஆசை காட்டிட்டுப் போயிடுது. அப்புறம் இருபது நாள் வெயில். முளைச்சதெல்லாம் கருகிடுது."

"அது போன வருஷம். இந்தத் தடவை மழை விடாது. மண்ணத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"போன வருஷமும் தொட்டுத்தான் பாத்தீங்க."

கதவோரம் நின்ற மகன் அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். யார் பக்கம் பேசினாலும் வம்புதான் என்று தெரிந்தவன், செருப்பைத் தேடுவது போல வெளியே நழுவிவிட்டான்.

அறையில் இருந்தது ஆறு மூட்டை விதைச் சோளம். கருகிய நிலத்தில் தப்பிய கதிர்களைப் பொறுக்கிச் சேர்த்தது. அதுவும் போனால் விதைக்க ஒரு மணி மிஞ்சாது. நிலத்தைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கூலி வேலை தேடிக் கிளம்ப வேண்டியதுதான்.

பெரியவர் குரலை இறக்கினார். "அரை மூட்டையாவது குடு. ஓரத்துல மட்டும் போட்டுக்கறேன்."

"ஒரு பிடி கூடக் கிடையாது. ரெண்டாவது மழை வரட்டும்."

"இது யார் வீடுன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லாவே இருக்கு மாமா. சாப்பிட வாங்க."

அவர் வரவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. "என் வீட்டுல என் பேச்சு எடுபடல" என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினார். "நேத்து வந்தவ ராஜ்யம்" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சாவியைத் தரவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் ஏறியது. பத்தாம் நாள் ஊரார் நிலத்தில் முளைகள் மஞ்சளாகின. பதினெட்டாம் நாள் எல்லாம் கருகிக் கிடந்தன. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

இருபத்து மூன்றாம் நாள் இரண்டாவது மழை பிடித்தது. நின்று நிதானமாகப் பெய்தது. மருமகளே அறையைத் திறந்துவிட்டாள். மூன்று பேரும் நிலத்தில் இறங்கினார்கள்.

அறுவடை முடிந்தபோது வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சோளம். ஊரே விதை கேட்டு அவர்கள் வாசலில் நின்றது. பேசின பெண்களும் நின்றார்கள். மருமகள் யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"முந்திரிக்கொட்டைய அடக்க ஒரு ஆள் வந்தாச்சு," என்று சிரித்தார் பக்கத்து நிலத்துக்காரர். "அந்த மனுஷன்கிட்ட இருந்து சாவிய எப்படிம்மா பிடுங்கின?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். "சொல்லிடும்மா, இனிமே என்ன," என்றார் அவர்.

"நான் எங்கண்ணே பிடுங்கினேன்? 'மழை வாசனை பட்டா எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல, நான் கால்ல விழுந்தாலும் தராத'ன்னு, கோடையிலேயே மாமாதான் சாவிய என் கையில குடுத்து சத்தியம் வாங்கிக்கிட்டாரு."