சுயேச்சை வாபஸ்

ரெண்டு அணி முட்டிக்கொள்கிற தலைவர் தேர்தலில் ஒரு சுயேச்சை ஜெயிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அமீரகத்தில், புஜைரா கடலோரத் தமிழர் சங்கத்தில் எல்லோரும் முடியாது என்றார்கள். உமாராணி மட்டும் விடவில்லை.

"ஏன் முடியாது? நர்ஸ் ஜெபகனி அக்கா ஓடிவந்து பார்க்காத தமிழ்க் குடும்பம் இங்க இருக்கா?"

அக்காவுக்கு ஆசை காட்டி நிற்க வைத்ததே அவள்தான். முன்மொழிய ஆள் வேண்டுமே? கணவன் அருள்முருகனைப் பிடித்தாள்.

"எதிர்ல நிக்கிற பொன்னுச்சாமி சார் எங்க மேனேஜர், உமா."

"டூட்டி வேற, சங்கம் வேற. போடுங்க கையெழுத்தை!"

பொன்னாடைச் செலவை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடப்பவர்களுக்குத் துணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார் ஜெபகனி. இடுப்பில் பிள்ளையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள் உமாராணி. சனம் மெல்ல அக்கா பக்கம் சாய்ந்தது.

ஓட்டுப் போடுகிற அன்று காலையில் மைக் அலறியது. "ஜெபகனி மேடம் விலகிட்டாங்க. அவங்க ஆதரவு பொன்னுச்சாமி சாருக்கு!"

உமாராணிக்கு வந்ததே கோபம். நேராகப் போய் நின்றாள்.

"எவ்வளவுக்கா வாங்குனீங்க?"

ஜெபகனி சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "பிள்ளைக்கு வெயில் ஆகாது உமா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"எம் பிள்ளையப் பத்தி நீங்க பேசாதீங்க. இனிமே எங்க வாசப்படி மிதிக்காதீங்க!"

பஸ் ஸ்டாப் வரைக்கும் புலம்பித் தீர்த்தாள்.

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்களேங்க! நின்னிருந்தா இன்னைக்கு அவங்கதான் தலைவர்."

"ஆமா, அவங்கதான்," என்றான் அருள்முருகன்.

"அப்புறம் ஏன் விலகணும்?"

"மேனேஜர் கூப்பிட்டார். அந்தம்மா நின்னா உன் விசாவைப் புதுப்பிக்க மாட்டேன், குடும்பத்தோட ஊருக்குக் கிளம்புன்னுட்டார். நான்தான் அக்காகிட்டப் போய் அழுதேன்."

"ஒரு வார்த்தை... என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிடறேன்னுதான் கிளம்பினேன். அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'உமாகிட்டச் சொல்லாதீங்க தம்பி. தன்னாலதானேன்னு காலம் பூரா மருகுவா. என்னைத் திட்டிட்டுப் போகட்டும், விட்டுருங்க'ன்னாங்க."