மாலிக் தைத்த கூடாரம்

"அந்த ஆளு பேரை இங்க எவனும் எடுக்கக் கூடாது" என்றார் கோவிந்தசாமி. சொல்லி வாய் மூடவில்லை, அவர் கட்டிய கூடாரம் அவர் தலைமேலேயே சரிந்தது.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கோபம் இன்னும் ஏறியிருந்தது.

முதுமலைக் காடு. பக்கத்து ஊருக்கு எட்டு மைல். வந்த பஸ் இவர்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது, இனி மூன்றாம் நாள்தான் வரும். புதுச்சேரி அரசு ஊழியர்கள் பதினெட்டுப் பேர், ஆறு கூடாரம், ஒன்றுகூட நிற்கவில்லை.

நிறுத்தத் தெரிந்த ஒரே ஆள் அப்துல் மாலிக். கூடாரங்களைத் தைத்தவரும் அவர்தான். முத்தியால்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறார், வருஷா வருஷம் இவர்களைக் காட்டுக்கு அழைத்து வருகிறார். இந்த வருஷம் வரும் வழியிலேயே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டது.

காரணம் ஒரு பாட்டில். எழுபத்தெட்டாம் வருஷம் அது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு, புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு கடை. அதனால் எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். மாலிக்தான் பஸ் மேலே ஏறிப் படுக்கைச் சுருட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்தார். நடுவில் ஒரு பிராந்தி பாட்டில் நழுவி ரோட்டோர மணலில் விழுந்தது. பாதி இருந்தது.

"யாருது இது?" என்றார் ஏட்டு. யாரும் வாய் திறக்கவில்லை.

"சொல்லலைன்னா பஸ்ஸோட எல்லாரும் ஸ்டேஷனுக்கு வாங்க."

மாலிக் இறங்கி வந்தார். "என்னுதுதான் சார்" என்றார்.

நடந்தது அவ்வளவுதான்.

"அவரு பீடி கூட புடிக்க மாட்டாருண்ணே" என்றார் தேவதாஸ், கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி. கோவிந்தசாமியின் ஆபீசில்தான் அவரும் வேலை செய்கிறார். "பஸ்ஸை உடணுமேன்னு ஒத்துக்கிட்டிருப்பாரு."

"அவன் கையிலேர்ந்துதானே உழுந்துது? அவன் வாயாலதானே சொன்னான்? இன்னும் என்ன சாட்சி வேணும் உனக்கு?"

தேவதாஸ் குனிந்து கயிற்றை முளையில் சுற்ற ஆரம்பித்தார். கோவிந்தசாமி விடவில்லை.

"நம்மள்லாம் கவர்மென்ட் உத்தியோகம். ஒரு கேஸ் உழுந்தா அன்னிக்கே சஸ்பெண்ட். அவனுக்கு என்ன, தையல் மிஷினை எங்க போட்டாலும் பொழப்பு ஓடும். அந்தத் திமிருலதான் பாட்டிலைத் தூக்கிட்டு வந்திருக்கான்."

கோவிந்தசாமி குடிக்க மாட்டார். அடுத்தவன் குடித்தாலும் பொறுக்க மாட்டார். குழம்பில் உப்பு குறைந்தால்கூட அவர் வீட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இதற்கு விடுவாரா?

யார் யாரோ கூடி, கயிற்றை மரங்களில் கட்டி நாலு கூடாரத்தை ஒப்பேற்றினார்கள். மறுநாள் மற்றவர்கள் யானை பார்க்கப் போனார்கள். கோவிந்தசாமி மட்டும் அடுப்போரம் உட்கார்ந்து, தும்மித் தும்மி எல்லோர் பேரிலும் ஒரு கடிதம் எழுதினார். சாராய வழக்கில் பிடிபட்ட அப்துல் மாலிக் இனி முகாம் பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். குளிர் அவர் நெஞ்சைக் கட்டியிருந்தது. கோபத்தில் அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தேவதாஸ் கடைசியாகப் போட்டார்.

"அவரு பொண்ணு ஜீனத்துக்கு அடுத்த மாசம் கல்யாணம்ணே. இது வெளிய தெரிஞ்சா பள்ளிவாசல்ல தலைகாட்ட முடியாது அவரால. நம்மளோட போவட்டும்."

"ஏன் போவணும்? பொண்ணு எடுக்கறவங்க தெரிஞ்சுக்க வேணாமா?"

ஊர் திரும்பிய காலையில் கோவிந்தசாமி நேரே வீட்டுக்குப் போகவில்லை. படுக்கைச் சுருட்டைத் தோளில் போட்டுக்கொண்டே ஜெய்னுலாபுதீனின் பாத்திரக் கடைக்குப் போனார். ஜெய்னுலாபுதீன்தான் மாலிக்கின் சம்பந்தியாகப் போகிறவர்.

"பாய், கோள் சொல்ல வந்தேன்னு நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். ஒன்று விடாமல் சொன்னார். கடிதத்தையும் காட்டினார்.

ஜெய்னுலாபுதீன் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "உடம்பு சரியில்ல, பாதியில திரும்பிட்டேன்னுதானே எங்ககிட்ட சொன்னாரு" என்றார்.

"பின்ன, உண்மையவா சொல்லுவான்?"

"பதினெட்டுப் பேரு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பொய்யா இருக்காது." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரிகை அடிக்கக் குடுத்திருந்தேன். நிறுத்தச் சொல்லிடறேன்."

கோவிந்தசாமிக்கு அப்போதுதான் மனசு ஆறியது. மூன்று நாள் கோபமும் வடிந்து, வீட்டுக்கு நிம்மதியாக நடந்தார்.

சுருட்டை இறக்கும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. மனைவி ஜெயம் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள் சுருட்டைப் பிரித்துப் போர்வையை உதறினாள். மறுபடியும் உதறிப் பார்த்தாள்.

"என்னத்தடி தேடுற?"

"கத்தாதீங்க. சொன்னா கத்துவீங்கன்னுதான் சொல்லாம வச்சேன்" என்றாள் ஜெயம். "பொண்ணு பேறுகாலத்துக்கு மருந்துக்குன்னு வாங்கினோமே பிராந்தி, அதுல பாதி பாட்டில் மிச்சம் இருந்துது. காட்டுல குளிருமேன்னு இந்தப் போர்வைக்குள்ளதான் சுருட்டி வச்சேன், நீங்க பாக்கவே இல்லியா?"