தினம் ஒரு சந்தேகம்

"மறுபடியும் அவரா?" என்றான் அப்துல் ரஹீம், இட்லியைப் பிட்டபடி.

அவன் மனைவி சபீனா போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

"சொல்லுங்க சார்... எறும்பா? ஸ்டாண்டு கால் நாலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தச் சொன்னேனே... ஆமா, நேத்தும் சொன்னேன். தண்ணி வத்தாமப் பார்த்துக்கிட்டா போதும். சரிங்க சார்."

லால்குடியில் வீட்டுக்குப் பின்னால் தேனீ வளர்க்கிறாள் சபீனா. புதிதாக வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பும் எடுக்கிறாள். பெட்டி வாங்கிப் போகிறவர்கள் கொஞ்ச நாள் சந்தேகம் கேட்பார்கள். பிறகு போன் நின்றுவிடும். தேன் எடுத்தால் போட்டோ வரும், அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்து மாத்ருபூதம் மட்டும் அப்படி இல்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பெட்டி வாங்கி வருஷம் ஆகப்போகிறது. இன்னும் தினமும் காலையில் போன்.

'ராணித் தேனீயை எப்படிம்மா அடையாளம் கண்டுபிடிக்கிறது?'

'பூ இல்லாத காலத்துல சர்க்கரைத் தண்ணி வைக்கணுமாம்மா?'

'பெட்டி வாசல் கிழக்கே பார்த்து இருக்கலாமா?'

எல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது.

"சொன்னதையே எத்தனை தடவை சொல்லுவே? வகுப்புக்கு நடுவுல வேற கூப்பிடறாரு" ரஹீமுக்கு எரிச்சல். "நேர்ல போயி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துட்டு, இனிமே தினமும் கூப்பிடாதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டு வந்துடு."

சபீனாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. வருவதாகச் சொன்னதும் மாத்ருபூதம் பதறினார்.

"நீங்க எதுக்கும்மா அவ்வளவு தூரம்? போன்ல சொன்னாப் போதாதா?"

"பெட்டியைப் பார்த்தாத்தான் சார் சரியாச் சொல்ல முடியும்."

சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, பைக்குக்குக் காற்று அடிக்கப் போனான் ரஹீம்.

தேய்த்த சட்டையோடு கதவைத் திறந்தார் மாத்ருபூதம். சோபாவில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. மீதியெல்லாம் பழைய பேப்பர். அவசரமாக அள்ளி ஒதுக்கினார்.

"உட்காருங்கம்மா. என் சம்சாரம் இருந்திருந்தா கேசரி கிளறியிருப்பா. எனக்குக் காபிதான் வரும்."

"முதல்ல பெட்டியைப் பார்த்துடுறேன் சார்."

அவர் முகம் மாறியது. "வெயிலா இருக்கேம்மா... காபி குடிச்சிட்டு..."

"அதுக்குத்தானே சார் வந்தேன்?"

மாடிப்படி வரை வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"மூட்டு வலி. நீங்க போங்கம்மா."

மொட்டை மாடி மூலையில், தகரக் கூரை நிழலில் பெட்டி இருந்தது. கிண்ணங்களில் புதுத் தண்ணீர். சபீனா முகவலையை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

முகவலையைக் கழற்றினாள். பிறகு மூடியை அலுங்காமல் வைத்துவிட்டு இறங்கினாள்.

அவர் அதே படியில்தான் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்படி... இருக்கும்மா?"

"நல்லா வச்சிருக்கீங்க சார். கூட்டம் நல்லா இருக்கு."

சட்டென்று நிமிர்ந்தார். இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆனா கவனமாப் பார்த்துக்கணும். தினமும் காலையில போன் பண்ணிடுங்க. நீங்க மறந்துட்டா நானே பண்ணுவேன்."

"காபி... கொண்டு வரேம்மா" என்று உள்ளே திரும்பினார். வர நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது.

காபி குடித்து முடித்தும் சபீனா எழுந்திருக்கவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"கார்டு பெட்டியிலயும் தனியாத்தான் போவேன்மா. ராத்திரி பகல் பார்த்ததில்லை. ஆனா எப்படியும் அடுத்த ஸ்டேஷன்னு ஒண்ணு வந்துடும். யாராவது கொடி காட்டுவாங்க."

வாசலில் ரஹீமின் ஹாரன் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை மாத்ருபூதம் கை ஆட்டிக்கொண்டே நின்றார்.

கொள்ளிடம் பாலம் ஏறியதும் ரஹீம் கேட்டான். "கண்டிப்பா சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க. தினமும் மறக்காம போன் பண்ணணும்னு."

ரஹீம் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? தொல்லை தாங்கலன்னுதானே போனே? அப்படி என்னதான் ஆச்சு அந்தத் தேனீக்கு?"

சபீனா ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதெல்லாம் பறந்து போயி மாசக்கணக்கா ஆகுதுங்க. பெட்டியில ஒண்ணுகூட இல்லை."