ஸ்டாண்ட் போட்ட வண்டி

டாக்டர் வாய் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூத்த மகன் முரளிதரன் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது.

மருமகள் யமுனா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவன் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இளையவன் சசிதான் டாக்டர் முன்னால் நின்றான். பக்கத்தில், தையில் அவனுக்குப் பெண் கொடுக்கப்போகிறவர். செய்தி கேட்டு ஓடிவந்த மனிதர்.

"இந்த வயசுல இவ்வளவு அடைப்பு. சிகரெட் மட்டும் காரணமா இருக்காது. உங்க அப்பா வழியில யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருக்கா?"

"இல்லீங்க டாக்டர். அப்பா பைக் ஆக்சிடென்ட்ல போனாரு."

பட்டென்று சொன்னான். விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்ட கதை.

அவள் சொன்ன கதை.

புருஷன் போன அன்றைக்கு வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு நாத்தனார்கள். மாமனாரும் நாற்பதைத் தாண்டாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். மகனும் அப்படியே என்றால் எவன் பெண் கேட்டு வருவான்? விபத்து என்று சொல்லிவிடுவோம் என்றார் மாமியார். இவள் தலையாட்டினாள்.

நாத்தனார்கள் கரையேறினார்கள்.

கதை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சொன்ன கதைக்காகவே பிள்ளைகளை பைக் பக்கம் விடவில்லை. முரளி காலேஜுக்கும் பஸ், வேலைக்கும் பஸ். அவன் சட்டையில் முதல்முறை சிகரெட் வாடை வந்தபோது, கண்டுகொள்ளாமல் துவைத்துப் போட்டாள். பைக் கேட்டு அழுத பிள்ளை. இதிலாவது அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுவோம்.

சசியின் சட்டையிலும் இப்போது அதே வாடை.

டாக்டர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். நாலு எட்டு வைத்தால் கதவு.

பெண்ணின் அப்பா ஆறுதலாக சசியின் தோளில் கை வைத்தார்.

அவள் எழுந்தாள்.

"டாக்டர்... இவங்க அப்பா வண்டிய ஓரமா நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டிருந்தாரு. வண்டியில ஒரு கீறல் இல்ல. நெஞ்சுலதான் கை இருந்துச்சு."

தோளிலிருந்து அந்தக் கை மெதுவாக இறங்கியது.

யமுனாவின் மடியிலிருந்து ஒரு செருப்பு நழுவி விழுந்தது.

டாக்டர் திரும்பினார்.

அவளைப் பார்க்கவில்லை.

சசியைப் பார்த்தார்.