எட்டாவது சமன்பாடு

“சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள இது என் மண்டையில ஏறலைன்னா மானம் கப்பலேறிடும்” என்றார் பெரியவர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுபது வயதில் பரீட்சைக்குப் போகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கக் கசங்கிய தாள்கள். ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததும் அதே இயற்பியல் புத்தகத்தின் இன்னொரு பிரதிதான்.

“ஒரு வாரமா இதே பக்கமா?” மனைவி தட்டோடு வந்து நின்றாள். “கொஞ்சம் இடம் விடுங்க, சாப்பாடு ஆறுது.”

“ஏழாவது சமன்பாடு வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போகுது. அப்புறம் ‘இதிலிருந்து எளிதில் நிறுவலாம்’னு ஒரு வரி. உடனே எட்டாவது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

விஷயம் பம்பரம். சுற்றுகிற பம்பரத்தைச் சாய்த்து விட்டால் விழாமல் பக்கவாட்டில் வட்டமடிக்கிறது. விட்ட அந்த முதல் கணத்தில் அது ஏன் பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது? அதைச் சொல்ல வேண்டிய இடத்தைத்தான் புத்தகம் ஒரே தாண்டாகத் தாண்டியிருந்தது. நான்கு பம்பரங்களை விட்டுப் பார்த்ததில், அவை கட்டிலுக்கடியில் ஓடியதும் குனிந்து எடுத்து இடுப்புப் பிடித்துக்கொண்டதும்தான் மிச்சம்.

இத்தனை பாடும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்காக. சுற்றுகிற தகட்டால் வெட்டும் மெஷினைச் சாய்த்தால் கையை ஏன் வேறு பக்கம் இழுக்கிறது என்று யோசித்து, இரண்டு வருடமாக வேலைக்கு நடுவே தனியாகப் படிக்கிற மனிதர். போன வாரம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

“அஞ்சு மாசமா இந்த ஒரு வரியிலயே நிக்கிறேன் சார். எளிதுன்னு போட்டிருக்கு. எளிதானதே எனக்கு வரலைன்னா இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவராதுன்னுதானே அர்த்தம்? நீங்க சொல்லிக் குடுத்தாத் தொடர்றேன். இல்லைன்னா விட்டுடறேன்.”

“அடுத்த செவ்வாய் அஞ்சு மணிக்கு வாங்க” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார் பெரியவர். அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று.

வேறு இரண்டு புத்தகங்களையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றில் ‘வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது’ என்றிருந்தது. இன்னொன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

“இதை எழுதினவனை நிக்கவச்சுக் கேக்கணும்!” பென்சிலை வீசினார்.

“நல்லாக் கேளுங்க. நானும் கூட நாலு கேள்வி கேக்கறேன்” என்றாள் மனைவி, சிரிக்காமல்.

சரியாக ஐந்து மணிக்கு மெக்கானிக் வந்தார். கையில் கிரீஸ் கறை, கக்கத்தில் அட்டை பிய்ந்த புத்தகம். பெரியவர் சமன்பாடுகளை ஒவ்வொன்றாக எழுதி விளக்க, மெக்கானிக் பள்ளிப் பிள்ளையைப் போலத் தலையாட்டினார்.

ஏழாவது முடிந்தது. பென்சில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். தெரியவில்லை என்ற ஒரு சொல்லைச் சொல்ல நா எழவில்லை. அவமானமாக இருந்தது.

மெக்கானிக் நோட்டை மூடிவிட்டார்.

“பரவால்ல சார். இவனுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு நீங்களே திணர்றீங்க. என் மண்டைக்கு இவ்வளவுதான். புத்தகத்தை நீங்களே வச்சுக்குங்க, வேற யாருக்காவது உதவும்.”

எழுந்து வாசலுக்கே போய்விட்டார். தண்ணீரோடு வந்த மனைவிதான் வழியை மறித்தாள்.

“உக்காருங்க தம்பி, உங்க மண்டைக்கு ஒரு குறையும் இல்ல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் புத்தகத்தை எழுதறப்பவே இவரு இதே இடத்துல ஒரு மாசம் முட்டிக்கிட்டு நின்னாரு. ‘எளிதில் நிறுவலாம்’னு போட்டுட்டுச் சாப்பிட வாங்கன்னு சொன்னதே நான்தான்!”