எண்பது சதவீதக் கதை

"பன்னிரண்டா? நூத்துக்குப் பன்னிரண்டுதானா சார்?"

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞனின் முகம் வெளிறிப்போனது. கல்லூரியில் முதல் மாணவன், நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இத்தனையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு என்றால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது?

"அதுலயும் டை நல்லா கட்டியிருக்கீங்களேன்னு ரெண்டு சேர்த்துப் போட்டேன்" என்றார் பெர்சன்ட் சார்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பெரிய பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு இத்தனை சதவீதம் வாய்ப்பு என்று பட்டென்று சொல்லிவிடுவார். அநேகமாக அது அப்படியே பலிக்கும்.

"எங்கிட்ட என்ன சார் குறை?"

"குறையே இல்லை. அதான் குறை. உங்களை மாதிரி முதல் மார்க் வாங்கினவங்க அந்த காலேஜ் வாசல்ல கூட்டம் கூட்டமா நிக்கிறாங்க தம்பி. 'வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த பெரிய சோதனை எது'ன்னு கட்டுரை எழுதச் சொல்வாங்க. என்ன எழுதுவீங்க?"

இளைஞன் நன்றாக யோசித்தான். "ஒரு தடவை லேப்டாப் தொலைஞ்சு போச்சு சார்."

பெர்சன்ட் சார் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையோடு மேஜைமேல் இருந்த செல்போனையும் ஒரு பார்வை பார்த்தார். காலையிலிருந்து அவருக்கு இதே வேலைதான்.

"என் பொண்ணுக்கு இன்னிக்கு அங்கதான் இண்டர்வியூ. வேலைக்கும் போய்க்கிட்டு, ராத்திரி கண் முழிச்சுப் படிச்சா. அந்த ஒரு காலேஜைத் தவிர வேற எதுக்கும் அப்ளிகேஷன் போட மாட்டேன்னுட்டா. கட்டுரையைக்கூட எங்கிட்ட காட்டலை. 'உங்க கை படாம நானே உள்ளே போறேம்பா'ங்கிறா. சரியான பிடிவாதக்காரி."

"அவங்களுக்கு எத்தனை பெர்சன்ட் சார்?"

"தொண்ணூறு." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பின்னாலிருந்த அலமாரி ஆடி, முதுகு பிய்ந்த பழைய அகராதி ஒன்று அவர் தோளில் இடித்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, உங்க பன்னிரண்டை எண்பதாக்கிடுவோமா? எழுதிக்கோங்க. நீங்க ஏழாவது படிக்கிறீங்க. உங்கப்பா திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டார். அம்மா ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்காங்க. கடையைப் பூட்டினா வாடிக்கை போயிடும். ஸ்கூல் விட்டதும் நேரா வந்து நீங்கதான் கடையைத் திறக்கிறீங்க."

"சார், எங்கப்பா பேங்க்ல இருக்கார். கடையெல்லாம் கிடையாது. ஆளும் கல்லு மாதிரி இருக்கார்."

"இருக்கட்டுமே, யார் வேண்டாம்னா? கட்டுரையில மட்டும் படுக்கட்டும். மேலே கேளுங்க."

எத்தனையோ பேருக்குக் கடையை மாற்றி, ஊரை மாற்றிச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதை அவர் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நாற்காலி உயரம் பத்தலை. மேஜைக்கு மேல உங்க தலை மட்டும்தான் தெரியுது. அதனால ஒரு தடிப் புத்தகத்தை அடியில போட்டு, அதுமேல உட்கார்றீங்க. யாராவது கேட்டா, 'அப்பா வெளியூர் போயிருக்கார், நாளைக்கு வந்துடுவார்'னு சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க. வீட்டுக்குப் போய் போர்வைக்குள்ள அழறீங்க."

இளைஞன் எழுதுவதை நிறுத்தினான். அவன் கண்ணே கலங்கிவிட்டது.

"பாவம், யாருக்கு சார் இப்படி நடந்தது?"

"யாருக்கும் நடக்கலை. நானே யோசிச்சுக் கட்டினது. கடையை ஒர்க்‌ஷாப்னு மாத்துங்க, அப்பாவைச் சித்தப்பான்னு மாத்துங்க. அந்தத் தடிப் புத்தகத்தை மட்டும் தொடாதீங்க. அங்கதான் அவங்க உருகுவாங்க. இந்த வருஷம் எத்தனை பேர் அதை வச்சே இண்டர்வியூ வரைக்கும் போயிருக்காங்க தெரியுமா?"

"இது பொய்தானே சார்?" இளைஞன் அரண்டு போய்க் கேட்டான்.

"பொய்னு நினைச்சா பன்னிரண்டு. அனுபவம்னு நினைச்சா எண்பது. நீங்களே முடிவு பண்ணுங்க."

அப்போது கதவு திறந்தது. அவருடைய மகள் நின்றிருந்தாள். காலையில் தேய்த்துப் போட்டுக்கொண்டு போன சட்டை கசங்கியிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன.

பெர்சன்ட் சார் பதறி எழுந்தார். "என்னடா கண்ணு? என்ன ஆச்சு?"

"என் கட்டுரையைப் படிச்சுட்டுச் சிரிச்சாங்கப்பா. 'இந்த வருஷம் இது ஏழாவது தடிப் புத்தகம். எங்கேம்மா வாங்கினே?'ன்னு கேட்டாங்க. நிஜமா நடந்ததுன்னு சொன்னேன். முதல்ல வந்தவனும் அப்படித்தான் சொன்னானாம். அவனுக்காக அழுதாங்களாம். பொய் எழுதறவங்களுக்கு இங்கே இடமில்லைன்னு என்னை வெளியே அனுப்பிட்டாங்க."

பெர்சன்ட் சார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப் பைத்தியமே, அதைப் போய் நீ ஏன் எழுதினே? அது நான் இங்கே வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற கதையாச்சே! உனக்கு யாரு சொன்னது?"

அவள் திகைத்துப் போய் அப்பாவையே பார்த்தாள். இண்டர்வியூ எடுத்த மூன்று பேரும் சிரித்தபோதுகூட அவள் இப்படி அதிர்ந்திருக்க மாட்டாள். மெல்ல நடந்து வந்து, அலமாரியிலிருந்து அந்த முதுகு பிய்ந்த அகராதியை உருவி, அவர் எழுந்த நாற்காலியில் வைத்தாள்.

"நீங்க வீட்டுக்கு வந்ததும் நான்தானே எல்லாத்தையும் சொன்னேன், மறந்துட்டீங்களா? நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ஸ்கூல் விட்டு வந்து இந்த ஆபீஸைத் திறந்து, இதுமேலதானேப்பா நான் உட்கார்ந்திருந்தேன்?"