மகிழ மரத்தில் ஓர் இடம்

மேம்பாலத்துக்கு அடியில் குடியிருந்த மாடப்புறாவுக்கு லாரி இரைச்சல் சலித்துப்போயிற்று. ஒருநாளாவது நிம்மதியாக இருக்கலாம் என்று ஊருக்கு வெளியே இருந்த மரப்பூங்காவுக்குப் பறந்தது. போனதும் ஒரு மரம் விடாமல் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே ஓடியதில் மூச்சு வாங்கியது.

“எந்த மரத்துல உட்கார்ந்தீங்க அக்கா?” என்று மகிழ மரத்து அணில் கேட்டது.

“உட்கார ஏது நேரம்? இன்னும் பாதித் தோட்டம் பாக்கி இருக்கு.”

“இந்தக் கிளையில காத்து நல்லா வரும்” என்று அணில் நகர்ந்து இடம் விட்டது.

மரியாதைக்காக ஒரு நிமிஷம் உட்கார்ந்த புறா அப்படியே கண்ணயர்ந்துவிட்டது. பூங்காவை மூடும் விசில் கேட்டுத்தான் விழித்தது. உடம்பு பஞ்சாக இருந்தது.

“மிச்சத்தைப் பார்க்கலையே அக்கா?”

புறா தன் இறகொன்றை உருவிக் கிளை இடுக்கில் செருகியது.

“பஸ்ஸுல துண்டு போடுற மாதிரிதான். நாளைக்கு வேற யாரையும் இங்கே உட்கார விடாதே.”